ஸ்லைடு ரூல்: மூன்று இலக்கத்தில் முடிந்த பெரிய வேலைகள்



சென்ற மாதம் நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு பெரியவர் தம்மிடமிருந்த தொழில்நுட்பப் புத்தகங்களை நம் அறக்கட்டளை நூலகத்துக்குக் கொடுத்தார். கூடவே ஒரு தோல் உறையும் வந்தது. உள்ளே சுமார் ஓர் அடி நீளமுள்ள ஒரு கோல் இருந்தது. மூங்கில் உடம்பு, மேலே வெள்ளைப் பூச்சு, நடுவில் இழுத்தால் நழுவி வரும் ஒரு பட்டை, அதன்மேல் நகரும் கோடு போட்ட ஒரு சிறு கண்ணாடி. நூலகத்துக்கு வரும் பிள்ளைகள் எல்லோரும் அதை இழுத்துப் பார்க்கிறார்கள். "இது என்ன ஸ்கேல் ஹஜ்ரத், 1-க்கும் 2-க்கும் நடுவுல இவ்வளவு இடம் இருக்கு, 9-க்கும் 10-க்கும் நடுவுல இடமே இல்லையே?" என்று ஒரு பிள்ளை கேட்டான். நல்ல கேள்வி. அதற்குப் பதில் சொல்லப் புகுந்தால் பொறியியலின் அடிப்படை ஒன்றையே சொல்ல வேண்டியிருக்கிறது. ஆகவே இந்த இதழில் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

அந்தக் கோலின் பெயர் ஸ்லைடு ரூல். கால்குலேட்டர் வருவதற்கு முன்பு, ஏறத்தாழ 350 ஆண்டுகள், பெருக்கலும் வகுத்தலும் செய்த கருவி. இன்றைக்கு அதைப் பெரும்பாலும் யாரும் விற்பதில்லை. ஆனால் அது பழக்கிக் கொடுத்த ஒரு புத்தி நம் பிள்ளைகளுக்கு இன்றும் தேவைப்படுகிறது. நம் வீட்டுப் பிள்ளைகளில் பலர் ஐ.டி.ஐ., டிப்ளமோ முடித்துவிட்டு ஒரகடம், மறைமலை நகர், மஹிந்திரா சிட்டி என்று ஷிப்ட் பஸ்ஸில் ஏறுகிறார்கள். கல்வி உதவி கேட்டு வரும் பிள்ளைகளிடம் நான் வழக்கமாக ஒரு கேள்வி கேட்பேன். "மாடியில் ஆயிரம் லிட்டர் தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கிறது. தண்ணீரின் எடை எவ்வளவு?" கேட்டவுடன் கை செல்போனைத் தேடும். இந்த ஆண்டு ஒருவர் நூறு கிலோ என்றார், இன்னொருவர் பத்தாயிரம் கிலோ என்றார். இருவருமே கணக்குப் பாடத்தில் எண்பதுக்குமேல் வாங்கியவர்கள். கணக்கு தெரியாமல் சொன்னதல்ல. விடை எந்த அளவில் இருக்கும் என்ற மதிப்பீடு மனத்தில் இல்லை, அவ்வளவுதான். ஆயிரம் லிட்டர் தண்ணீர் ஆயிரம் கிலோ, அதாவது ஒரு டன்.

கருவி எப்படி வேலை செய்கிறது என்பதை முதலில் பார்ப்போம். சாதாரண ஸ்கேல் இரண்டை எடுத்து, ஒன்றின் 2-க்கு நேராக மற்றதன் 0-வை வைத்தால், இரண்டாவது ஸ்கேலின் 3-க்கு நேராக முதல் ஸ்கேலில் 5 தெரியும். நீளத்தோடு நீளத்தைச் சேர்த்தோம், கூட்டல் ஆயிற்று. பெருக்கலையும் இப்படிச் செய்ய முடியுமா? ஸ்காட்லாந்துக்காரர் ஜான் நேப்பியர் 1614-இல் வெளியிட்ட மடக்கை அதற்கு வழி திறந்தது. மடக்கையில் பெருக்கல் கூட்டலாகிவிடும். 1620-இல் எட்மண்ட் கன்ட்டர் மடக்கைகளை ஒரு கோலில் நீளங்களாகக் குறித்தார். சில ஆண்டுகளிலேயே வில்லியம் ஆட்ரெட் அப்படிப்பட்ட இரண்டு கோல்களை ஒன்றன்மேல் ஒன்று நழுவவிட்டார். கோடு போட்ட நகரும் கண்ணாடியைப் பரவலாக்கியவர் பிரெஞ்சு இராணுவ அதிகாரி மான்ஹைம், 19-ஆம் நூற்றாண்டில்.

நம் நூலகத்துக்கு வந்த கோலில் அளவு 25 சென்டிமீட்டர் நீளத்துக்குப் போடப்பட்டிருக்கிறது. 2-இன் மடக்கை 0.301. ஆகவே 1-இலிருந்து 2 இருக்கும் தூரம் 25-இல் 0.301 பங்கு, ஏறத்தாழ 7.5 சென்டிமீட்டர். 3-இன் தூரம் 11.9. இரண்டையும் கூட்டினால் 19.4. 6 எங்கே இருக்கிறது என்று பார்த்தால் 19.5. ஒரு மில்லிமீட்டர் எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை. உண்மையான தூரங்கள் 7.53, 11.93, 19.45. நான் ஓர் இலக்கத்தை வெட்டிக்கொண்டதால் வந்த வித்தியாசம் அது. தோராயம் என்றால் என்ன என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. வெட்டலாம், ஆனால் எவ்வளவு வெட்டினோம் என்பது வெட்டியவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மேலே போகப் போக எண்கள் நெருங்குவதும் இதனால்தான். 9-க்கும் 10-க்கும் இடையில் 1.1 சென்டிமீட்டர்தான் மிச்சம்.

இதில் இரண்டு குறைகள் உண்டு. முதலாவது, கண்ணால் படிப்பதால் மூன்று இலக்கத்துக்குமேல் நம்ப முடியாது. இடப்பக்க நுனியில் மட்டும் நான்காவது இலக்கம் ஓரளவு கிடைக்கும். இரண்டாவது, கோலுக்குத் தசமப் புள்ளி தெரியாது. அதற்கு 1.85-உம் ஒன்றுதான், 18.5-உம் ஒன்றுதான், 185-உம் ஒன்றுதான். புள்ளியை எங்கே வைப்பது என்பதை மனிதன்தான் சொல்ல வேண்டும்.

இந்த இரண்டாவது குறையைத்தான் நான் பெரிய நன்மை என்கிறேன். ஒரு பள்ளிவாசலில் ஹவ்ழு கட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நீளம் 2.4 மீட்டர், அகலம் 1.85 மீட்டர், ஆழம் 1.2 மீட்டர். ஸ்லைடு ரூலை இரண்டு முறை நகர்த்தினால் 5-3-3 என்று மூன்று இலக்கம் காட்டும். அது 5.33 கன மீட்டரா, 53.3-ஆ, 533-ஆ? கோல் சொல்லாது. ஆகவே அதைப் பயன்படுத்தியவர் ஒவ்வொரு கணக்குக்கும் முன்னாலோ பின்னாலோ மனத்துக்குள் ஒரு சிறு கணக்குப் போட்டே ஆக வேண்டும். இரண்டை இரண்டால் பெருக்கி ஒன்றால் பெருக்கினால் நாலு, ஆகவே விடை நாலை ஒட்டி இருக்கும், 5.33 கன மீட்டர், தண்ணீர் 5.33 டன். கால்குலேட்டரில் புள்ளியை விட்டுவிட்டு 185 என்று தட்டினால் 532.8 என்று பளிச்சென்று காட்டும். அது கூசாது. நமக்குக் கூச வேண்டும். கூசுவதற்கு விடை எவ்வளவு வரும் என்ற எதிர்பார்ப்பு முன்னமே மனத்தில் இருக்க வேண்டும்.

எங்கள் காலத்துப் பிள்ளைகளுக்கு ஸ்லைடு ரூல் கிடைக்கவில்லை, கிளார்க்ஸ் டேபிள் கிடைத்தது. அந்த மெல்லிய மடக்கைப் புத்தகத்தைப் பரீட்சை மண்டபத்தில் வாங்கிப் பயன்படுத்தியவர்கள் இதைப் படிப்பவர்களில் பலர் இருப்பீர்கள். அதிலும் தசமப் பகுதியை மட்டும்தான் அட்டவணை தரும், முன்னால் வரும் எண்ணை நாம்தான் போட வேண்டும். ஏறத்தாழ அதே பயிற்சிதான்.

இந்தக் கருவி கோலோச்சிய காலத்தில் நம் ரயில் பாதையிலேயே படித்த ஒருவரை நினைத்துக்கொள்ளலாம். சிங்கப்பெருமாள் கோவிலில் மின்சார ரயிலில் ஏறினால் தாம்பரத்துக்கு அப்பால் குரோம்பேட்டை. அங்கே 1949-இல் சி. ராஜம் தொடங்கிய மெட்ராஸ் இன்ஸ்டிட்யூட் ஆப் டெக்னாலஜியில், திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் பட்டம் முடித்துவிட்டு வந்து சேர்ந்தார் இராமேஸ்வரத்துப் பிள்ளை அப்துல் கலாம். சேர்வதற்கு ஏறத்தாழ 1,000 ரூபாய் தேவைப்பட்டபோது அவருடைய சகோதரி ஜொஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்ததைப் பலரும் அறிவீர்கள். விமானப் பொறியியல் படிப்பின்போது, தாழ்வாகப் பறந்து தாக்கும் ஒரு விமானத்தை வடிவமைக்கும் வேலை அவருக்கும் இன்னும் சில மாணவர்களுக்கும் தரப்பட்டது. வேலை நகரவில்லை. பேராசிரியர் சீனிவாசன் வந்து பார்த்துவிட்டு அதிருப்தி தெரிவித்தார். கலாம் ஒரு மாத அவகாசம் கேட்டார், கிடைத்தது மூன்று நாள். வெள்ளிக்கிழமை பிற்பகலில் சொல்லி, திங்கட்கிழமை காலைக்குள் வரைபடம் வராவிட்டால் உதவித்தொகை நின்றுவிடும் என்றும் சொல்லிவிட்டார். கலாம் இரவு உணவையும் விட்டுவிட்டு வரைபலகையின் முன் உட்கார்ந்து முடித்துக் கொடுத்தார்.

இந்தச் சம்பவத்தை விடாமுயற்சிக்கு உதாரணமாக மேடைகளில் சொல்வார்கள். நான் வேறு ஒரு கோணத்தில் பார்க்கிறேன். அந்த ஆண்டுகளில் பொறியியல் மாணவர்களின் மேசையில் கணக்குக்கு இருந்தவை ஸ்லைடு ரூலும் மடக்கை அட்டவணையும்தான். ஒரு விமானத்தின் இறக்கை, எடை, எஞ்சின், கட்டுப்பாடு எல்லாம் ஒன்றை ஒன்று சார்ந்தவை. எடை தெரியாமல் இறக்கைப் பரப்பு வராது, இறக்கை தெரியாமல் எடை வராது. அப்படிப்பட்ட இடத்தில் துல்லியமான எண்ணுக்காகக் காத்திருப்பவர் ஒரு கோடுகூடப் போட மாட்டார். முதலில் ஒரு தோராய எடையை வைத்துக்கொண்டு இறக்கையை வரைய வேண்டும், அந்த இறக்கையிலிருந்து எடையைத் திருத்த வேண்டும், மறுபடி இறக்கையைத் திருத்த வேண்டும். விமான வடிவமைப்பு இன்றும் இப்படித்தான் தொடங்குகிறது. மூன்று நாளில் முடிக்கச் சொன்ன ஆசிரியருக்கு அது தெரியாமல் இருந்திருக்காது.

கலாமுடைய ஊரின் வாசலிலேயே இன்னொரு சாட்சி உண்டு. 1914-இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் ரயில் பாலம், நடுவில் கப்பலுக்கு வழிவிட இரண்டாகப் பிரிந்து மேலெழும் ஷெர்சர் தூக்குப் பாலத்தோடு, இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிக நீளம். கணினி என்ற சொல்லே இயந்திரத்துக்கு வராத காலத்தில் கைக்கணக்கில் பிறந்தது. 1964 டிசம்பர் புயல் அதன் பெரும்பகுதியை அடித்துச் சென்றது. அப்போது இளம் ரயில்வே பொறியாளராக இருந்த ஈ. ஸ்ரீதரன் 46 நாளில் அதைச் சரி செய்து முடித்தார். 2022 டிசம்பர் வரை அதில் ரயில் ஓடியது. இப்போது பக்கத்தில் புதிய செங்குத்துத் தூக்குப் பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டுவிட்டது. மூன்று இலக்கக் கணக்கு நூறு ஆண்டு ரயிலைத் தாங்கியிருக்கிறது.

மூன்று இலக்கம் எப்படிப் போதுமானது? இதைத்தான் கவனமாகப் புரிந்துகொள்ள வேண்டும். எண்கள் இரண்டு வகை. எண்ணி வந்தவை ஒரு வகை, அளந்து வந்தவை ஒரு வகை. மதரஸாவில் ஃபராயிள் ஓதியவர்களுக்கு முதல் வகை நன்றாகத் தெரியும். மனைவிக்கு எட்டில் ஒன்று, தாய்க்கு ஆறில் ஒன்று என்றால் சொத்தை 24 பங்காக்கி மூன்று, நான்கு என்று பிரிப்போம். ஆறில் ஒன்றை 0.17 என்று எழுதினால் உஸ்தாத் விட மாட்டார். அங்கே தோராயத்துக்கு இடமில்லை. காரணம், அந்த எண்கள் விதிக்கப்பட்டவை, அளந்தெடுத்தவை அல்ல. ஆனால் ஒரு கம்பியின் விட்டம், ஒரு மூட்டையின் எடை, ஒரு மனையின் நீளம் ஆகியவை அளந்து வந்தவை. அளக்கும் கருவி எவ்வளவு நுணுக்கமோ அவ்வளவுதான் அந்த எண்ணில் உண்மை. டேப்பில் 2.4 மீட்டர் என்று அளந்துவிட்டு விடையைப் பத்து இலக்கத்தில் எழுதினால், கடைசி ஏழு இலக்கமும் வெறும் அலங்காரம்.

வீடு கட்டுகிற ஒவ்வொருவருக்கும் பயன்படும் உதாரணம் ஒன்று சொல்கிறேன். கம்பியின் எடைக்குக் கட்டுமானத் துறையில் ஒரு சுருக்கு வழி இருக்கிறது. விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் கம்பியின் எடை கிலோவில் வந்துவிடும். 12 மி.மீ. கம்பி என்றால் 144-ஐ 162-ஆல் வகுக்க 0.89 கிலோ. 12 மீட்டர் நீளமுள்ள முழுக் கம்பி ஏறத்தாழ 10.7 கிலோ. எஃகின் அடர்த்தியிலிருந்து முறையாகக் கணக்கிட்டால் 162 வராது, 162.2 வரும். ஆயிரத்தில் ஒரு பங்குதான் பிழை. ஆனால் இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 1786, 12 மி.மீ. கம்பியின் எடையில் 5 விழுக்காடு வரை கூடுதல் குறைவை அனுமதிக்கிறது. 10 மி.மீ. வரைக்கும் 7 விழுக்காடு, 16-க்கு மேல் 3 விழுக்காடு. ஆலையில் வரும் கம்பியே 5 விழுக்காடு அசையும்போது 0.1 விழுக்காட்டைத் துரத்துவதில் அர்த்தமில்லை.

அதே சமயம் இந்தத் தோராயம் உங்களைக் காப்பாற்றவும் செய்யும். 10.7 கிலோ இருக்க வேண்டிய கம்பி 10.3 இருந்தால் பரவாயில்லை. 9 கிலோதான் இருக்கிறது என்றால் 15 விழுக்காட்டுக்குமேல் குறைகிறது. அது தர எல்லைக்கு வெளியே. எண்ணிக்கைக் கணக்கில் கம்பி வாங்குபவர்கள் இரண்டு மூன்று கம்பிகளையாவது எடை போட்டுப் பார்ப்பது நல்லது. கடைக்காரரோடு சண்டை வேண்டாம், 162 என்ற எண்ணைச் சொன்னாலே அவருக்குப் புரிந்துவிடும்.

மாடித் தொட்டியை மறுபடி எடுத்துக்கொள்வோம். நடமாட்டமுள்ள மொட்டை மாடித் தளத்துக்கு ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ சுமை என்று கொண்டு வடிவமைக்கும்படி ஐ.எஸ். 875 சொல்கிறது. சின்டெக்ஸ் என்று நாம் பொதுவாகச் சொல்லும் ஆயிரம் லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி உட்காரும் இடம் ஏறத்தாழ ஒரு சதுர மீட்டர். நிரம்பினால் அங்கே ஒரு டன், ஆறேழு மடங்கு. இதனால் உடனே தளம் இறங்கிவிடும் என்று பயமுறுத்தவில்லை. தளம் சுமையைப் பக்கங்களுக்கும் பகிர்ந்துகொள்ளும், காப்பு ஈவும் இருக்கிறது. ஆனால் தொட்டியைத் தளத்தின் நட்டநடுவில் வைக்காமல், சுவர் மேலோ பீம் மேலோ வரும்படி மேடை கட்டி வைக்க வேண்டும் என்பதற்கு இந்த மனக்கணக்கே போதும். இரண்டாவது தொட்டி வாங்கும் எண்ணம் இருந்தால் பொறியாளரைக் கேளுங்கள்.

காப்பு ஈவு என்றேன். காங்கிரீட் கட்டடங்களுக்கான ஐ.எஸ். 456 எதிர்பார்க்கும் சுமையை 1.5-ஆல் பெருக்கிக்கொள்ளச் சொல்கிறது. காங்கிரீட்டின் வலுவை 1.5-ஆலும், எஃகின் வலுவை 1.15-ஆலும் வகுத்துக் குறைத்துக்கொள்ளச் சொல்கிறது. மணல், தண்ணீர், கொத்தனாரின் கை, நாளைக்கு அந்த அறையில் எத்தனை பேர் கூடுவார்கள் என்பதெல்லாம் யாருக்கும் மூன்று இலக்கத்தில் தெரியாது. தெரியாமையை ஒப்புக்கொண்டு அதற்கு ஒரு விலையை ஒதுக்கி வைப்பதே பொறியியல். ஐம்பது விழுக்காடு ஒதுக்கி வைத்த இடத்தில் ஸ்லைடு ரூலின் அரை விழுக்காட்டுப் பிழை என்ன செய்துவிடும்?

அப்படியானால் எல்லாமே உத்தேசம்தானா என்று கேட்கக் கூடாது. ஒரகடத்துப் பக்கம் வேலை செய்யும் பிள்ளைகளுக்குத் தெரியும், அங்கே ஒரு துளையின் அளவு 25 மி.மீ. எச்7 என்று வரைபடத்தில் இருந்தால் 25.000-க்கும் 25.021-க்கும் இடையில் இருந்தாக வேண்டும். 21 மைக்ரான் இடைவெளி. 0.02 மி.மீ. வரை மட்டுமே காட்டும் வெர்னியரை வைத்து இதற்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது. வேடிக்கை என்னவென்றால், இந்த வேலைக்குப் பல இடங்களில் எண்ணே காட்டாத ஒரு கருவியைத்தான் பயன்படுத்துகிறார்கள். பிளக் கேஜின் ஒரு முனை துளைக்குள் போக வேண்டும், மறு முனை போகக் கூடாது. அவ்வளவுதான் பரிசோதனை. வரைபடத்தில் உள்ள டாலரன்ஸ் என்பதே அனுமதிக்கப்பட்ட தோராயம்தான். 25 சரியாக வேண்டும் என்று எந்தப் பொறியாளரும் கேட்பதில்லை, எவ்வளவு விலகலாம் என்பதைச் சேர்த்தே கேட்கிறார். சூட்டையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஒரு மீட்டர் எஃகு ஒரு டிகிரிக்கு 11 அல்லது 12 மைக்ரான் நீளும். அளவைகளுக்கு 20 டிகிரி செல்சியஸ் என்று உலகம் முழுக்க வைத்திருப்பதும், அளவைக் கூடங்களுக்குக் குளிர்சாதனம் போட்டிருப்பதும் இதற்காகத்தான்.

எவ்வளவு துல்லியம் வேண்டும் என்பதை முதலில் தீர்மானித்துவிட்டுக் கணக்கில் இறங்கிய பெரியவர் ஒருவர் நம் வரலாற்றில் உண்டு. சமர்கந்தில் உலூக் பேக்கின் வானாய்வுக் கூடத்தோடு தொடர்புடைய ஜம்ஷீத் அல்-காஷீ. வட்டத்தின் சுற்றளவுக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதத்தை, அதாவது பையின் மதிப்பை, 1424-இல் 16 தசம இடங்களுக்குச் சரியாகக் கண்டார். ஐரோப்பாவில் அதைத் தாண்ட ஏறத்தாழ 170 ஆண்டுகள் ஆயின. அவர் இலக்கங்களை அடுக்கிக்கொண்டே போகவில்லை. பூமியின் விட்டத்தைப் போல ஆறு லட்சம் மடங்கு விட்டமுள்ள ஒரு பிரபஞ்சத்தை எடுத்துக்கொண்டு, அதன் சுற்றளவில் ஒரு முடியின் பருமனைவிடக் குறைவாகவே பிழை வர வேண்டும் என்று எல்லை வகுத்துக்கொண்டு, அதற்கு எத்தனை இலக்கம் தேவையோ அத்தனையைக் கணக்கிட்டார். நம் பள்ளிப் பிள்ளைகள் பயன்படுத்தும் 22/7 இரண்டு தசம இடம்தான் சரி, பிழை 0.04 விழுக்காடு. ஒரு மீட்டர் விட்டமுள்ள சக்கரத்துக்குப் பட்டை போட்டால் ஒன்றேகால் மில்லிமீட்டர் வித்தியாசம் வரும். கொல்லருக்கு அது பொருட்டல்ல.

தோராயம் செய்யும்போது எந்தப் பக்கம் சாய்வது என்பதும் அறிவுதான். தொழுகை நேர அட்டவணையில் இதைத் தினமும் பார்க்கிறோம். விடியல் தொடங்கும் நேரம் கணக்கில் வினாடியோடு வரும். ஸஹரை முடிப்பவர் அதைச் சற்று முன்னதாக வெட்டிக்கொள்கிறார், ஃபஜ்ர் தொழுபவர் சற்றுப் பின்னதாகக் கொள்கிறார். எண் ஒன்று, பேணுதல் இரண்டு திசையில். நம் ஊர் சென்னையிலிருந்து மேற்கே ஏறத்தாழ கால் டிகிரி தள்ளி இருக்கிறது. ஒரு டிகிரிக்குச் சூரியன் 4 நிமிடம் எடுக்கும், ஆக இங்கே மஃக்ரிப் சென்னையைவிடச் சுமார் ஒரு நிமிடம் தாமதம். சென்னை அட்டவணையை வைத்து நோன்பு திறப்பவர்கள் அந்த ஒரு நிமிடத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பாலம் கட்டுபவரும் இதே வழியில்தான் போகிறார். சுமையை மேல்நோக்கி முழுமையாக்குவார், வலுவைக் கீழ்நோக்கி முழுமையாக்குவார்.

கணினி வந்த பிறகு இந்தப் புத்தி மங்கினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்வார்கள். ஹார்ட்ஃபோர்ட் நகரத்தின் பெரிய விளையாட்டரங்கத்துக்கு எஃகுச் சட்டங்கள் பின்னிய கூரை போட்டார்கள். அதன் வடிவமைப்பைக் கணினியில் பகுத்துப் பார்த்தார்கள், அந்தக் காலத்தில் அது பெருமையான விஷயம். கூரையை ஏற்றும்போதே, கணக்கு சொன்னதைப் போல இரண்டு மடங்கு தொய்வு இருப்பதைத் தளத்தில் இருந்தவர்கள் கண்டார்கள், சொல்லவும் செய்தார்கள். கணக்குக்கும் நடைமுறைக்கும் சற்று வித்தியாசம் இருக்கத்தான் செய்யும் என்று பதில் வந்தது. 1978 ஜனவரி 18 அதிகாலை, பனி குவிந்த கூரை முழுவதும் இடிந்து விழுந்தது. சில மணி நேரம் முன்புதான் ஏறத்தாழ 5,000 பேர் கூடைப்பந்து ஆட்டம் பார்த்துவிட்டு வீடு திரும்பியிருந்தார்கள். உள்ளே யாரும் இல்லாததால் உயிர்ச் சேதம் இல்லை. ஐந்து விழுக்காடு வித்தியாசம் தோராயம். பத்து விழுக்காடு என்றால் விசாரிக்க வேண்டும். நூறு விழுக்காடு என்றால் கணக்கே தவறு. ஸ்லைடு ரூலோடு வளர்ந்த ஒருவருக்கு 2-க்கும் 4-க்கும் உள்ள தூரம் கையிலேயே தெரியும், ஏழரை சென்டிமீட்டர்.

1972-இல் ஹியூலெட்-பேக்கர்ட் நிறுவனம் 395 டாலருக்குச் சட்டைப் பையில் வைக்கும் எச்.பி. 35 என்ற அறிவியல் கால்குலேட்டரைக் கொண்டுவந்தது. சில ஆண்டுகளிலேயே ஸ்லைடு ரூல் தொழிற்சாலைகள் மூடிக்கொண்டன. அதற்குச் சற்று முன்பு வரை நிலவுக்குப் போன அப்பல்லோ வீரர்கள்கூட பிக்கெட் நிறுவனத்தின் சிறு ஸ்லைடு ரூலைக் கையோடு கொண்டு போனார்கள். அதற்காக நான் பிள்ளைகளைக் கால்குலேட்டரைத் தொடாதே என்று சொல்லப் போவதில்லை. வேலைக்கு அது வேண்டும். தட்டுவதற்கு முன்னால் விடையை ஒரு துண்டுக் காகிதத்தில் உத்தேசமாக எழுதி வையுங்கள், பிறகு தட்டுங்கள். இரண்டும் பத்து மடங்கு விலகினால் காகிதத்தையும் பாருங்கள், திரையையும் பாருங்கள்.

வீட்டிலேயே ஒரு ஸ்லைடு ரூல் செய்து பார்க்க விரும்பும் பிள்ளைகளுக்கு: கெட்டியான அட்டையில் 25 சென்டிமீட்டர் நீளத்தில் இரண்டு பட்டை வெட்டுங்கள். இடது ஓரத்தில் 1 என்று எழுதி, அங்கிருந்து 7.5 சென்டிமீட்டரில் 2, 11.9-இல் 3, 15.1-இல் 4, 17.5-இல் 5, 19.5-இல் 6, 21.1-இல் 7, 22.6-இல் 8, 23.9-இல் 9, முடிவில் 10 என்று இரண்டு பட்டையிலும் குறியுங்கள். கீழ்ப்பட்டையின் 2-க்கு நேராக மேல்பட்டையின் 1-ஐ வைத்தால், மேல்பட்டையின் 4-க்கு நேராகக் கீழே 8 நிற்கும். வகுத்தலுக்கு அதையே திருப்பிப் படிக்க வேண்டும். இடைக்கோடுகள் போட மடக்கை அட்டவணை நூலகத்தில் இருக்கிறது.

சனிக்கிழமை மாலை வகுப்புக்கு வருபவர்கள் மூன்று கணக்கை எழுதி வாருங்கள், கால்குலேட்டர் கூடாது. 16 மி.மீ. முழுக் கம்பி ஒன்றின் எடை என்ன? நம் பள்ளிவாசல் மாடியில் முந்நூறு பேர் நின்று தொழுதால் மொத்தச் சுமை எத்தனை டன்? 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் ஷிப்ட் பஸ் ஒரு நிமிடத்தில் எவ்வளவு தூரம் போகும்? முதல் கணக்குக்கு 18 கிலோவிலிருந்து 20 கிலோவுக்குள் எது எழுதினாலும் சரி என்றே எடுத்துக்கொள்வேன்.